மழை விட்ட பிறகு வந்த கொசு மருந்து

அடுத்தவர் வீட்டுக் குடிதண்ணீருக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் ஒரு உத்தியோகம்தான். அதற்கென்று ஒரு கோட்டுகூடக் கொடுக்கிறார்கள், அந்தக் கோட்டைப் பார்த்ததும் நாய் குரைக்கும், வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார். ஓட்டர் கணக்கெடுப்பு, குழுக் கடன் வசூல், சோப்புத்தூள் விற்பனை என்று எதற்காவது வாசல் வாசலாக நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மேலே இருப்பவர்கள் சொல்வதை ஜனங்களிடம் சொல்லி, ஜனங்கள் அவர்களைத் திட்டுவதை நம் காதில் வாங்கிக்கொண்டு வருகிற ஜாதி நாமெல்லாம்.

என் பேர் ரெஜினா. வீடு பழவேற்காட்டில். வீட்டுக்காரர் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். மழைக்காலத்தில் நான் டெங்கு மஸ்தூர். மஸ்தூர் என்றால் தினக்கூலி. கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்து, இருந்தால் தண்ணீரைக் கொட்டி, கொட்ட முடியாததில் அபேட் மருந்து ஊற்ற வேண்டும். எங்களை ஜோடி ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். என் ஜோடி குமாரி. ஏரிக்கு நடுவே இருக்கிற ஒரு தீவுக் குப்பத்துக்காரி, தினமும் படகேறி வருவாள். அவள் புருஷன் ஏழுமலை ஏரியில் இறாலுக்கு வலை போடுகிறவர். ஒரே பெண் பிள்ளை, ஆரம்பப் பள்ளியில் படிக்கிறது. எங்களுக்கு மேலே ஹெல்த் இன்ஸ்பெக்டர் தணிகாசலம். அவர் கெட்டவர் இல்லை. மேலே இருந்து விழுவதைக் கீழே தள்ளிவிடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர், அவ்வளவுதான்.

முதல் டிரம்

வேலைக்குச் சேர்ந்ததும் குமாரியின் குப்பத்துக்குத்தான் எங்களை முதலில் அனுப்பினார்கள். சுற்றிலும் தண்ணீர், அத்தனையும் உப்பு. நல்ல தண்ணீர் பைப்பில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் வீட்டில் இருக்கிற குடம், அண்டா, நீல டிரம், பழைய பெயிண்ட் பக்கெட், எல்லாம் ரொம்பும். அடுத்த முறை வரும்வரைக்கும் அதுதான் சோற்றுக்கும் குடிக்கவும். டெங்குக் கொசுவுக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். ஏரித் தண்ணீரை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

குமாரியின் பக்கத்து வீட்டு தேசம்மா மீன் கூடை சுமக்கிறவள். அவள் வீட்டு டிரம்மில் டார்ச் அடித்தேன். புழு நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, "தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாதும்மா, இதைக் கொட்டிடணும்" என்றேன். குமாரி என் முழங்கையைக் கிள்ளினாள். அதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. தேசம்மா கோபப்படவில்லை. டிரம்மை ஒட்டி நின்றுகொண்டு, பொறுமையாகச் சொன்னாள்:

"தாராளமாக் கொட்டு. கொட்டிட்டு உன் வூட்லருந்து ஒரு டிரம்மு தண்ணி கொண்டாந்து வச்சிட்டுப் போ."

மிஷின் வந்தது

வடகிழக்கு மழை ஐப்பசியில் பிடிக்கும் என்பது எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். கொசு ஒழிப்புக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி ஆடி மாதமே மேலே எழுதிவிட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். பணம் வந்து எங்களை எடுப்பதற்கு முன்னாலேயே மழை வந்தது. ஏரி நிரம்பி முகத்துவாரம் வரைக்கும் சிவப்புத் தண்ணீர் ஓடியது. கவிழ்த்துப் போடாத பழைய படகு, ஐஸ் பெட்டி, டயர், தேங்காய் ஓடு எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது. வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் உத்தரவு வந்து எங்களை வேலைக்கு எடுத்தார்கள்.

அதோடு புகை அடிக்கிற மிஷின் ஒன்றும் வந்தது. புத்தம் புதுசு. பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் பஞ்சாயத்து ஆபீஸில் வைத்து மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். தோளில் மாட்டிக்கொண்டு யார் நின்றார்களோ அவர்கள் எல்லோருமே சிரித்தார்கள். பிறகு மிஷின் அங்கேயே பீரோ பக்கத்தில் நின்றுவிட்டது. குப்பத்தில் புகை அடிக்கச் சொல்லி ஜனங்கள் எங்களைப் பிடித்து உலுக்கினார்கள். நானும் குமாரியும் போய்க் கேட்டோம். அங்கே எழுத்து வேலை பார்த்தவர் மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மிஷினுக்கு ஒரு பட்ஜெட் ஹெட்டு, டீசலுக்கு வேற ஹெட்டும்மா. ரெண்டு ஹெட்டும் ஒண்ணாச் சேர்ந்தாத்தான் புகை வரும்."

பேர் சொல்லக் கூடாத காய்ச்சல்

காய்ச்சல் அதிகமாக ஆக, எங்களுக்கு ஒரு வாய்மொழி உத்தரவு வந்தது. எந்த வாசலிலும் டெங்கு என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது, ஜனங்கள் பயந்துவிடுவார்கள். யாராவது கேட்டால் பருவகாலக் காய்ச்சல் என்று சொல்ல வேண்டும். "சார், கோட்டு மேலயே எழுதியிருக்கே" என்று குமாரி முதுகைத் திருப்பிக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். "அது தடுப்புக்கு எழுதினதும்மா" என்றார்.

பழவேற்காடு கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருத்தர். அவர் மருமகனுக்குக் காய்ச்சல் வந்து சென்னையில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தில் தட்டணு குறைந்துபோய், ரத்தம் ஏற்றி, பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தார். நான் அவரிடமும் போய், மனப்பாடம் செய்த மாதிரி, "பயப்படாதீங்க பாய், இது பருவகாலக் காய்ச்சல்தான்" என்றேன். பாய் கல்லாப் பெட்டியை மூடினார். தன் போனை எடுத்து யாருக்கோ நம்பர் போட்டு, மணி அடிப்பதற்கு முன்னால் வருகிற அரசாங்க அறிவிப்பை எனக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். டெங்குவை ஒழிப்போம் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

"போன்ல வர்ற அம்மா டெங்குன்னு சொல்லுது. நேர்ல வந்த நீ இல்லன்னு சொல்ற. ரெண்டு பேருக்கும் ஒரே கவர்மெண்டுதானேம்மா?"

நண்டுக் குழம்பு

கோட்டு போட்டவர்கள் தீவுக்குப் போய் வருகிறார்களா என்று பார்க்க மாவட்டத்தில் இருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். படகில் ஏறும்போது பயந்தார். ஏரிக் காற்று பட்டதும் சந்தோஷமாகிவிட்டார். நாரை எது, கொக்கு எது என்று ஏழுமலையிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்குப் படகு ஓட்டியது ஏழுமலைதான். குப்பத்தில் ராக்கம்மா என்று ஒரு விதவை. அவள் கை நண்டுக் குழம்புக்கு அக்கரை வரைக்கும் பேர் உண்டு. வந்த விருந்தாளிக்குச் சோறு போடச் சொல்லி குப்பத்துத் தலைவர், நாட்டார் என்போம், அவளிடம்தான் சொன்னார். அதிகாரி நெற்றி வேர்க்க வேர்க்க, நண்டு ஓட்டைக் கடித்து உடைத்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவப் பின்பக்கம் போனவர், அங்கே மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி ஒன்றில் மழைத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டார். புழுவும் இருந்தது. அதே ஈரக் கையோடு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, அலட்சியமாக இருந்ததற்காக இந்த வீட்டுக்கு அபராதம் போடச் சொன்னார். நாட்டார் வந்து கெஞ்சினார். நடவடிக்கை எடுத்தோம் என்று காட்டியாக வேண்டும், ஊருக்கு ஒரு வீடாவது வேண்டும் என்றார் அதிகாரி. மேலே பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாமல் காக்காய் உள்ளே போய் வந்துகொண்டிருந்ததை நான் அண்ணாந்து பார்த்தேன். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். ராக்கம்மா எச்சில் இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, நிஜமாகவே கவலையோடு கேட்டாள்:

"கொழம்புல இன்னா சார் கொறை? புளி கம்மியாப் பூட்ச்சா?"

வெள்ளைக்காரர் தோட்டம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும்; குமாரி எப்போதும் அதைக் கண்ணால் பார்க்காமல் உள்ளே நழுவுவாள். பெரிய பெரிய கல் பலகைகள், அதில் ஆழமாக வெட்டின எழுத்துகள். மழை பெய்தால் அந்த எழுத்துப் பள்ளங்களில்கூடத் தண்ணீர் நிற்கும். காவலுக்கு இருந்த பெரியவர் எங்களைத் தடுக்கவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கூடவே வந்து, ஒவ்வொரு கல்லாகத் துடைத்து விட்டார்.

ஒரு கல்லின் முன்னால் நின்று, இது ஒரு சின்ன வயசுப் பெண், வெளிநாட்டில் இருந்து கப்பலேறி வந்து காய்ச்சலில் செத்தவள் என்று படித்தவர் ஒருவர் சொன்னதாகச் சொன்னார். அவர் சொன்னது சரியா தப்பா எனக்குத் தெரியாது. குமாரி அந்தக் கல்லில் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தாள். தன் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கிற மாதிரி இருந்தது எனக்கு. "இன்னா காய்ச்சல் தாத்தா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். பல் இல்லாத வாயில் காற்றுத்தான் வந்தது.

"அதெல்லாம் எழுதலம்மா. கல்லுல எழுதறவனுக்கும் மேலருந்து உத்தரவு வந்திருக்கும்."

கஷாயம்

ஒரு பெரிய மனிதர் வந்து நிலவேம்புக் கஷாயம் கொடுக்கும் முகாமைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடானது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். அதற்கு மட்டும் பணம் சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது. தோரணமும் மைக் செட்டும் முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்கின. குமாரி அன்றைக்கு லீவு கேட்டிருந்தாள், காய்ச்சல் அடிக்கிறது என்று. மஸ்தூர்கள் எல்லோரும் கோட்டோடு வரிசையில் நின்றாக வேண்டும், தலை குறைந்தால் தன்னைத்தான் மேலே கேள்வி கேட்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் போனில் கெஞ்சினார். வந்தாள். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

மேடையில் ஆளுக்கு ஒரு கப்பு கொடுத்தார்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டே பெரிய மனிதர் ஒரே மூச்சில் குடித்து, "நல்லா இருக்கே" என்றார். கஷாயம் குடித்த முகம் அப்படி இருக்காது. கீழே கப்பில் வாய் வைத்த பிள்ளைகள் எல்லாம் கசப்பில் முகத்தைச் சுளித்து, வாத்தியார் பார்க்காதபோது மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மேடைக்கு மட்டும் தனிக் கேன். பால் இல்லாத டீ, ஏலக்காய் போட்டது. கலர் ஒன்றுதான். அதைக் குமாரியிடம் போய்ச் சொன்னேன், சிரிப்பாள் என்று. வெயிலில் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சிரிக்கவில்லை.

"அந்த டீயில எனக்கு ஒரு கப்பு கேட்டு வாங்கியாக்கா. எலும்பெல்லாம் முறிக்குது."

படகில்

காய்ச்சல் முகாமில் குமாரிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், முடிவு மாவட்டத்தில் இருந்து வர வேண்டும் என்றார்கள். இரண்டொரு நாளில் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும் அவளும் அதை எத்தனையோ வாசலில் ஒப்பித்திருக்கிறோம். வேலைக்கு வராதே என்று போனில் சொன்னேன். வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை, அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வந்தாள். மறுநாள் காலையில் ஏழுமலை கூப்பிட்டார். வயிற்று வலி தாங்காமல் துடிக்கிறாள், பல் ஈறில் ரத்தம் வருகிறது, அக்கரைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். நான் ஒரு படகைப் பிடித்து எதிரே போனேன்.

தண்ணீர் வடிந்து ஏரியில் மண் திட்டுகள் எழும்பியிருந்தன. நடுவில் அவர்கள் படகு தரை தட்டிவிட்டது. ஏழுமலை இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று தள்ளினார். நானும் அந்தப் படகுக்குத் தாவி, குமாரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. அக்கரையில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, பொன்னேரி போய் அங்கிருந்து சென்னைக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து, ரொம்ப முக்கியமான விஷயம் மறந்துபோன மாதிரி என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கி பைப்புல தண்ணி வருமாம்க்கா. தேசம்மாகிட்ட சொல்லி என் டிரம்மையும் ரொப்பி வைக்கச் சொல்லு."

காரணம்

சென்னையில் இருந்து குமாரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஏரியில் காற்றே இல்லை. துணி மூடிய உடம்பைப் படகில் வைத்து மூங்கில் கழியால் ஊன்றித்தான் கொண்டுபோனார்கள். குப்பமே கரையில் நின்றது. அவள் மகள் பள்ளிக்கூட யூனிபார்மில் இருந்தாள். மாற்றிவிட யாருக்கும் தோன்றவில்லை.

காரியம் முடிந்த பிறகு, ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். வேலை செய்யும்போது நோய் வந்து இறந்தவள், ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்கத்தான். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். இறப்புச் சான்றில் பல உறுப்புகள் செயலிழந்து போனதால் மரணம் என்றுதான் எழுதியிருக்கிறது, டெங்கு என்று இல்லை, ஆகவே கொசுவால் இறந்ததாகக் கருத வழியில்லை என்றார். உறுப்புகள் ஏன் செயலிழந்தன என்று நான் கேட்டேன். அது மருத்துவ விஷயம் என்றார். முகாமில் எடுத்த ரத்தத்தின் முடிவு என்ன ஆனது என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றார். டெங்கு என்று வெளியே வந்தால் ஊர் மீனை யாரும் வாங்க மாட்டார்கள், உங்களுக்குத்தானே நஷ்டம் என்று ஏழுமலைக்குப் புத்தி சொன்னார். ஏழுமலை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சரி சார். ஆத்தா இன்னாத்துல செத்துச்சுன்னு எம் பொண்ணு கேக்குது. நீ வந்து சொல்லு, நான் படகுல இட்டுனு போறேன்."

சாம்பிராணி

அந்த வாரமே டீசல் வந்துவிட்டது. ஹெட்டுகள் எப்படியோ ஒன்று சேர்ந்துவிட்டன. பஞ்சாயத்து ஆபீஸில் நின்றிருந்த மிஷின் மட்டும் இல்லை, எங்கிருந்தோ இன்னும் சில மிஷின்களும் படகில் ஏறி வந்தன. யாரோ சென்னையில் ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டார்கள், அவர் வரப்போகிறார் என்று பேச்சு. குப்பத்து வழி முழுக்க இரண்டு பக்கமும் வெள்ளையாக பிளீச்சிங் பவுடர் கோடு. திருவிழாவுக்குக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. மேலே தண்ணீர்த் தொட்டிக்கு மூடிகூட வந்தது.

முதலில் குமாரி வீட்டுக்குத்தான் புகை அடித்தார்கள். மிஷின் வயல் மோட்டார் மாதிரி இரைந்தது. கதவு, ஜன்னல், கூரை இடுக்கு எல்லாவற்றிலும் வெள்ளைப் புகை பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. கொடியில் அவள் சேலை ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவள் மகள் இருமினாள். ஏழுமலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்துபோனார். தேசம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"ஒருத்திக்கு சாம்பிராணி போட எத்தினி பேரு வந்துகிறாங்க, பார்த்தியா?"

கூட்டம்

தை பிறந்ததும் நோய்த் தடுப்புப் பணி வெற்றிகரமாக முடிந்தது என்று கூட்டம் போட்டார்கள். எங்களையும் பின் வரிசையில் உட்கார வைத்து வடை கொடுத்தார்கள். திரையில் படம் படமாக வந்தது. கஷாய முகாம் போட்டோவில் குமாரி இருந்தாள், பேனரின் ஓரத்தில், பாதி முகம். அடுத்த படத்தில், நம் பகுதியில் டெங்கு மரணம் ஒன்றுகூட இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த மஸ்தூர்களும் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்த மழைக்கும் வேலை வேண்டும்.

நான் வடையைப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து, "சார், எங்க குமாரி?" என்று கேட்டேன். அதற்கு மேல் சொல்ல நிறைய வைத்திருந்தேன், வாயில் வந்தது அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் தலை குனிந்துகொண்டார். மேடையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு மைக்கை இழுத்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி என்னிடம் கேட்டார்:

"யாரும்மா குமாரி? ரெகுலர் ஸ்டாஃபா?"

ஏழுமலை வந்தார்

அந்தக் கூட்டத்தோடு எங்கள் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்தபோது ஒரு காலை ஏழுமலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மகளையும் கூட்டிவந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஏரியில் ஊர் முறை வைத்துத்தான் வலை போட முடியும், அவர் முறை எல்லாம் ராத்திரியில்தான் வருகிறதாம். பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியவில்லை. தேசம்மா எத்தனை நாள்தான் பார்த்துக்கொள்வாள்? பகலில் செய்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்தால், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம். "அவ பார்த்த வேலைய எனக்குக் குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டார். எந்த டிரம்மில் எவ்வளவு மருந்து ஊற்ற வேண்டும் என்று அவள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாளாம், அதெல்லாம் நினைவிருக்கிறது என்றார்.

இன்ஸ்பெக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் எழுந்து நின்று ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். குமாரி எவ்வளவு நல்ல பெண் என்று பேசினார்; கண் கலங்கத்தான் செய்தது, அது நடிப்பு இல்லை. வேலையைப் பற்றிக் கேட்டதும் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். இந்த வருஷத்துக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை, மழைக்கு முன்னாலேயே ஆள் எடுக்கச் சொல்லி அவரும் எழுதித்தான் இருக்கிறார், மேலே கேட்கமாட்டேன் என்கிறார்கள் என்றார். கடைசியில், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் ஆனபடியால், ஏழுமலையின் தோளைத் தட்டி ஆறுதலாகவே சொன்னார்:

"கொஞ்சம் பொறுத்துக்கப்பா. காய்ச்சல் வரட்டும், கட்டாயம் பார்க்கலாம்."

இந்த வருஷம் வானம் கறுத்தபோது ஏழுமலை அவர் கும்பிடுகிற அம்மனிடமும் நான் என் மாதாவிடமும் போய் நின்றோம். என்ன கேட்பது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.